மடை மாறிப் போன சத்தம்: வீட்டுக் கணினி பேசாமல் போனால் எங்கே தேடுவது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, இடைசெவலில் இருந்து பெரியம்மா போன் பண்ணினார்.

"ஏய்யா, அண்ணன் பொட்டி ஊமையாப் போச்சு. ரெண்டு நாளா அவன் சரியாச் சாப்பிடக்கூட இல்ல. நீ கம்ப்யூட்டர்லதான வேல பாக்க, என்னன்னு கொஞ்சம் கேளுய்யா."

நான் கம்ப்யூட்டரில் பார்க்கும் வேலை, உங்களுக்கு இப்படிக் கட்டுரை எழுதுவதுதான். ரிப்பேர் வேலை அல்ல. ஆனால் பெரியம்மாவிடம் அதை விளக்க முடியாது. விளக்கவும் நேரம் இல்லை. அண்ணன் அரசுத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

'சத்தம் போனால் என்ன, விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்ப வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அண்ணனுக்குப் பார்வை கிடையாது. அவருடைய மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது. திரையில் என்ன இருக்கிறதோ அதை அது வாய்விட்டுப் படிக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம், எந்த எழுத்தைத் தட்டினோம், எல்லாவற்றையும் சொல்லும். இலவச மென்பொருள், தமிழும் படிக்கும். நமக்குச் சத்தம் போனால் பாட்டு போகும், சினிமா போகும். அண்ணனுக்குச் சத்தம் போனால் திரையே போய்விடுகிறது. கணினி ஓடுகிறதா இல்லையா என்பதைக்கூட உள்ளங்கையை வைத்து, சூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடைசெவல் என்றதும் உங்களில் பலருக்குக் கி.ரா. ஞாபகம் வந்திருக்கும். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகும் நாற்கரச் சாலையை ஒட்டிய ஊர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவருக்கும் அதுதான் சொந்த ஊர், இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். சனங்கள் வாயால் பேசியதைக் காதால் கேட்டு அப்படியே எழுத்தாக்கியவர் கி.ரா. அந்த எழுத்தை அண்ணன் திரும்பவும் காதால்தான் படிக்கிறார். இயந்திரக் குரல் கரிசல் பேச்சை வாசிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். அண்ணனுக்கு அது பழகிவிட்டது.

கடையில் பேசுகிறது, வீட்டில் பேசவில்லை

அண்ணனிடம் பேசியபோதுதான் விஷயம் விநோதமாக இருந்தது. சனிக்கிழமை காலை சத்தம் நின்றிருக்கிறது. உடனே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார். கடையில் திறந்து வைத்தால் கணகணவென்று பேசுகிறது. "ஏதாவது லூஸ் காண்டாக்டா இருக்கும்" என்று உள்ளே சுத்தம் செய்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் மறுபடி ஊமை. சாயங்காலம் திரும்பவும் பஸ். கடையில் திரும்பவும் பேசுகிறது! "ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க, போர்டு மாத்த வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு எங்கே போவது? கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்முன்னால் பெட்டி நன்றாகத்தானே வேலை செய்தது.

இந்த இடத்தில் நீங்களும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கடையில் வேலை செய்கிறது, வீட்டில் செய்யவில்லை என்றால் பெட்டிக்குள் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. கடையில் இல்லாத ஏதோ ஒன்று வீட்டில் இருக்கிறது.

கணினியில் சத்தம் வருவது தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டோம். முதலில் வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்ப்போம். எங்காவது அடைத்திருக்கும், உடைந்திருக்கும். அல்லது யாரோ மடையை மாற்றிவிட்டு, தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் போய்க்கொண்டிருக்கும். கணினியிலும் ஒரு பாதை இருக்கிறது. நீங்கள் திறந்திருக்கும் செயலியோ இணையப் பக்கமோதான் தொடக்கம். அங்கிருந்து விண்டோஸின் ஒலி அளவு, பிறகு எந்தக் கருவி வழியாக வெளியே அனுப்புவது என்ற தேர்வு, பிறகு டிரைவர் என்ற சின்ன மென்பொருள், கடைசியாக வயரும் ஸ்பீக்கரும். பழுது பார்ப்பது என்றால் இந்தப் பாதையில் எங்கே மறிக்கிறது என்று தேடுவதுதான். பெரும்பாலும் மோட்டார் பழுதாகியிருக்காது.

உங்கள் போனே கண்

அண்ணனுக்குத் திரை தெரியாது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் இருப்பது சென்னையில். ஆகவே வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு, "போனைத் திருப்பிப் பின்பக்கக் கேமராவைத் திரைக்கு நேராப் பிடிங்க பெரியம்மா" என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தையும் காலண்டரையும் காட்டினார். அப்புறம் திரை தெரிந்தது. நான் பார்த்துச் சொல்ல, அண்ணன் பொத்தானைத் தட்ட, வேலை தொடங்கியது. வெளியூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நீங்கள் உதவும்போதும் இந்த வழியை முதலில் பயன்படுத்துங்கள். 'வலது பக்கம் கீழே ஒரு படம் இருக்கும் பாருங்க' என்று அரை மணி நேரம் போனில் கத்துவதைவிட எவ்வளவோ மேல். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி எதையும் இதற்காக ஏற்ற வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருந்தது. அதன் பக்கத்தில் பெருக்கல் குறி இல்லை, அதாவது மியூட் இல்லை. ஒலி அளவு 80. பாதையின் முதல் பாதி சரியாக இருக்கிறது. அடுத்தது, எந்தக் கருவிக்குச் சத்தம் போகிறது என்ற கேள்வி. விண்டோஸ் 11-ல் விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்தப் பட்டியல் நேரே திறக்கும். மவுஸ் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி அளவுக் கோட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியைச் சொடுக்கலாம். விண்டோஸ் 10-ல் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் மேலே கருவியின் பெயர் இருக்கும், அதைச் சொடுக்குங்கள்.

அண்ணன் அழுத்தினார். பட்டியலில் இரண்டு பெயர்கள். ஒன்று மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கர். இரண்டாவது ஏதோ ஒரு ஹெட்போன். டிக் இருந்தது இரண்டாவதில்.

"அண்ணே, வீட்ல ப்ளூடூத் ஹெட்போன் யார்கிட்ட இருக்கு?"

பின்னாலிருந்து மதினி குரல்: "எங்கிட்ட ஒரு கழுத்துல போடுறது இருக்கு. அதுவும் ரெண்டு நாளா ரிப்பேரு. என் போன்ல பாட்டு போட்டா இதுல வரவே மாட்டேங்கு."

அவ்வளவுதான், இரண்டு ரிப்பேரும் ஒரே ரிப்பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி மதினி மடிக்கணினியில் சினிமா பார்த்திருக்கிறார். மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று நெக்பேண்டைக் கணினியோடு இணைத்திருக்கிறார். இந்த வகை நெக்பேண்டில் இரண்டு காதுப் பகுதியிலும் காந்தம் இருக்கும். ஒட்டி வைத்தால் அணையும், பிரித்தால் தானாக உயிர் வந்து கடைசியாக இணைந்த கருவியைத் தேடிப் பிடிக்கும். பிரித்தபடியே அது அலமாரியில் கிடந்தது. ப்ளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் சுற்றளவில் எட்டும். ஆகவே வீட்டுக்குள் எங்கே வைத்துத் திறந்தாலும் சத்தம் அலமாரிக்குப் போய்விட்டது. கோவில்பட்டிக் கடையில் நெக்பேண்ட் பக்கத்தில் இல்லை. கணினி தன் சொந்த ஸ்பீக்கருக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாளாக அண்ணனின் திரையை அலமாரிக்குள் இருந்த நெக்பேண்ட்தான் வாசித்துக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அண்ணன் மேல்நோக்கிய அம்பை ஒரு தட்டுத் தட்டி எண்டர் அழுத்தினார். மடிக்கணினி பேசியது. "ஏ, வந்துருச்சி! வந்துருச்சி!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் கேமரா திரும்பவும் விட்டத்துக்குப் போய்விட்டது.

அடுத்த முறையும் இப்படி ஆகாமல் இருக்க, செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதிக்குப் போய் அந்த நெக்பேண்டின் பெயருக்கு எதிரே 'ரிமூவ் டிவைஸ்' கொடுக்கச் சொன்னேன். வெறுமனே துண்டித்தால் போதாது. பெயர் பட்டியலில் இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

மடை மாறும் மற்ற இடங்கள்

ப்ளூடூத் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது எச்டிஎம்ஐ வயரில். அந்த வயர் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். புது மானிட்டரையோ டிவியையோ அதில் இணைத்ததும், விண்டோஸ் 'இனிமேல் சத்தமும் அங்கேதான்' என்று முடிவு செய்துவிடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. சத்தம் போகிறது, போன இடத்தில் வாய் இல்லை. மேலே சொன்ன அதே பட்டியலைத் திறந்து ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

ஒரே ஒரு இணையப் பக்கத்தில் மட்டும் சத்தம் இல்லையா? பிரவுசரில் அந்தப் பக்கத்தின் மேல் தாவலில் வலது சொடுக்குச் செய்யுங்கள். 'அன்மியூட் சைட்' என்று இருந்தால், எப்போதோ கைபட்டு அடைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆன்லைன் வகுப்பில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் அந்தச் செயலிக்குள்ளேயே ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனியாக உண்டு. மைக் படத்தின் ஓரத்தில் சின்ன அம்பு இருக்கும், அங்கே பாருங்கள். ஸ்பீக்கர் படத்தில் வலது சொடுக்குச் செய்து 'வால்யூம் மிக்சர்' திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் எவ்வளவு சத்தம், எந்தக் கருவி வழியாக என்று தனித்தனியாகத் தெரியும். மொத்தச் சத்தமும் 100-ல் இருக்கும், பிரவுசர் மட்டும் சுழியில் கிடக்கும். எனக்கே ஒரு முறை நடந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்று இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேசைக் கணினியின் தனி ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும், அதற்குச் சுவிட்சும் சத்தம் கூட்டும் திருகும் தனியாக இருக்கும். வீட்டைக் கூட்டும்போது பிளக் கழன்றிருக்கலாம். பெட்டியின் பின்னால் மூன்று வட்டத் துளைகள் இருந்தால் ஸ்பீக்கர் வயர் பச்சை நிறத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. மடிக்கணினியில் மேல் வரிசைப் பொத்தான் ஒன்றில் ஸ்பீக்கர் படம் போட்டிருக்கும், அதில் சின்ன விளக்கு எரிந்தால் மியூட் ஆகியிருக்கலாம்.

கரிசல் தூசியும் ஹெட்போன் துளையும்

இது நம்ம பக்கத்து ஆட்களுக்கான விசேஷப் பிரச்சினை. ஆடிக் காற்று அடித்தால் கரிசல் காட்டுப் புழுதி மூடிய அலமாரிக்குள்ளும் போகும். 3.5 மி.மீ. ஹெட்போன் துளையை விடுமா? அந்தத் துளைக்குள் ஹெட்போன் செருகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உலோகத் தகடு போன்ற சின்ன அமைப்பு இருக்கிறது. தூசியோ துருவோ அதைப் பிடித்துக்கொண்டால், ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கணினி 'இன்னும் செருகித்தான் இருக்கிறது' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பாது.

சோதிப்பது எளிது. நல்ல ஹெட்போன் ஒன்றைச் செருகுங்கள். அதில் சத்தம் வந்து, கழற்றினால் ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் சந்தேகம் இந்தத் துளை மேல்தான். கணினியை அணைத்துவிட்டு ஹெட்போன் முனையை ஏழெட்டுத் தடவை செருகிச் செருகி எடுங்கள். பல நேரம் இதிலேயே தூசி விலகி விடுபட்டுவிடும். கை பம்பாலோ, கேமரா துடைக்கும் ஊதுகுழலாலோ காற்று அடிக்கலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். ஊக்கு, குண்டூசி, கம்மல் திருகாணி எதையும் உள்ளே விடவே கூடாது. உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் அப்புறம் உண்மையிலேயே போர்டு வேலைதான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஊமை என்றால்

இப்போது டிரைவர். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் சத்தம் போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் எதைத் தொடும் முன்பும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'ஷட் டவுன்' வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால், சீக்கிரம் திறப்பதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும், கோளாறும் அதோடு சேர்ந்து திரும்பி வரலாம். ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தி, வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரியை விரித்தால் உங்கள் ஒலிக் கருவி இருக்கும். அதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் கோளாறு. வலது சொடுக்கு, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' தாவல், அங்கே 'ரோல் பேக் டிரைவர்' அழுத்த முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அப்டேட்டுக்கு முந்தைய டிரைவர் திரும்பி வரும். அது மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், திறக்கும்போது விண்டோஸ் அந்தக் கருவியைத் தானே கண்டுபிடித்து டிரைவரைப் போட்டுக்கொள்ளும். டிரைவரையே அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள். புது டிரைவர் வேண்டும் என்றால் மடிக்கணினியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம்.

சத்தம் கரகரவென்று வந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ, செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் போய், உங்கள் ஸ்பீக்கர் பெயரைச் சொடுக்கி 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் படத்தில் சிவப்புக் குறி வந்து ஒலிச் சேவை ஓடவில்லை என்று சொன்னால், ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' என்பதில் வலது சொடுக்குச் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் முதல் கணினி, 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிதான். இன்னும் பலர் அதை ஓட்டுகிறார்கள். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்ட பெட்டிகள் அவற்றில் உண்டு. லினக்ஸில் சத்தம் இல்லை என்றால் டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்சர் என்ற கட்டளையை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், சின்ன எழுத்தில் தட்டுங்கள். செங்குத்தாகக் கம்பங்கள் தெரியும். கம்பத்தின் அடியில் எம் என்ற எழுத்து இரண்டு தடவை இருந்தால் அது அடைத்திருக்கிறது. அம்புக்குறியால் அதில் நின்று எம் பொத்தானைத் தட்டினால் திறக்கும். இந்த லினக்ஸில் இன்னொரு உபயோகமும் உண்டு. லினக்ஸில் சத்தம் வந்து விண்டோஸில் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, பழுது விண்டோஸில்தான். கடைக்காரரிடம் பேசும்போது இந்த ஒரு வரி உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

திரையைக் காதால் பார்ப்பவர்களுக்கு

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அண்ணனைப் போல ஒருவர் இருந்தால் இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சத்தம் போன பிறகு படித்துக் காட்டுவதைவிட, இப்போதே பழகி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், பேச்சை மட்டும் நிறுத்தும் ஒரு பொத்தான் என்விடிஏ-யிலேயே உண்டு. இன்செர்ட்டோடு எஸ் அழுத்தினால் பேசும் நிலை, வெறும் பீப் ஒலி நிலை, பேசாத நிலை என்று மாறி மாறிப் போகும். தெரியாமல் கைபட்டிருந்தால் அதையே மூன்று நான்கு தடவை நிறுத்தி நிறுத்தி அழுத்தினால் குரல் திரும்பும். இல்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ திரும்பத் தொடங்கும். அதுவும் பலிக்கவில்லை என்றால் விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், எண்டர். இது விண்டோஸின் சொந்த வாசிப்பானான நரேட்டரை எழுப்பும். நரேட்டர் பேசினால் கணினியின் சத்தம் நன்றாக இருக்கிறது, கோளாறு என்விடிஏ-யில். இரண்டுமே பேசவில்லை என்றால் பார்க்காமலே ரீஸ்டார்ட் செய்ய ஒரு வழி: விண்டோஸோடு எக்ஸ், விட்டுவிட்டு யு, அடுத்து ஆர். விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தால் இது வேலை செய்யும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட உருப்படியானது ஒரு யுஎஸ்பி ஹெட்போன் வாங்கி வைத்துக்கொள்வது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குள்ளேயே தனி ஒலிச் சில்லு இருப்பதால் கணினியின் ஒலிப் பகுதி, ஹெட்போன் துளை எதையும் அது நம்பியிருப்பதில்லை. செருகியதும் பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே சத்தத்தை அதற்கு மாற்றிவிடும். பார்வை உள்ளவர்களுக்கும் இது நல்ல சோதனை. யுஎஸ்பி ஹெட்போனில் கேட்டு ஸ்பீக்கரில் கேட்காவிட்டால், பழுது எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிட்டது.

பக்கத்தில் ஆள் இல்லாதபோது 'பி மை ஐஸ்' என்ற இலவச செயலியும் உதவும். பார்வை இல்லாதவர் போன் கேமராவைக் காட்டினால், தன்னார்வலர் ஒருவர் வீடியோ காலில் வந்து திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வார். ஒரே ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல், வங்கி விவரம், ஆதார் எண் இவை திரையில் இருக்கும்போது முகம் தெரியாதவருக்குக் கேமராவைக் காட்டாதீர்கள். இன்னொரு துணுக்கு, ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு: செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, ஆடியோ போய் 'மோனோ ஆடியோ' போட்டுக்கொண்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதுக்கு வந்துவிடும்.

தேடும்போது கவனம்

சத்தம் போன அவசரத்தில் போனை எடுத்து 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுவீர்கள். அங்கேதான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தேடலில் முதலில் வரும் எண் கம்பெனியின் எண்ணாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்தவுடனே "இந்த ஆப்பை ஏத்துங்க, நாங்களே சரி பண்ணிடறோம்" என்று தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். அது திறந்த நொடியில் உங்கள் திரை அவர்கள் கையில். 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்கச் சிவப்பாக வருவதும் இதே கூட்டத்தின் வேலைதான். எண்ணைக் கணினி வாங்கிய பெட்டியிலோ கம்பெனியின் இணையதளத்திலோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டது என்றால் நேரத்தைக் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் போவதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் திறந்து கிடக்கும் வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் வெளியேறுங்கள். என்னென்ன சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ரசீது கையில் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

அண்ணன் அன்று ராத்திரியே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். பதிவு எண்ணை மடிக்கணினி வாசிக்க, ஒவ்வொரு எண்ணாக எனக்குப் போனில் கேட்க வைத்தார். இப்போது மேசைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு யுஎஸ்பி ஹெட்போன் தொங்குகிறது. மதினி நெக்பேண்டைக் கழற்றினால் இரண்டு காதும் 'டிக்'கென்று ஒட்டும் சத்தம் கேட்கும்வரை அண்ணன் வேலையைத் தொடங்குவதில்லையாம்.